மகளுக்கு எதிரே நின்ற சாயங்காலம்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு ஆடி மாதம். மரக்காணத்து உப்பளத்தை ஒட்டி இருக்கிற எங்கள் ஊரில் நடந்தது இது. கல்யாணமாகி வருகிற முதல் ஆடி, அதனால் என் மகள் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று தெருவில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அவர்கள் அப்படி நினைத்தது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. எதையும் யாரிடமும் எடுத்துச் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதற்கப்புறம் உப்பளம்தான். அங்கே வாயைத் திறக்காமல் வேலை பார்த்தால் போதும், பொழுது போய்விடும். இதை எழுதுவதற்கே எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

புதுப்பெண்ணை ஆடிக்கு அழைத்துவரப் பெண் வீட்டிலிருந்து சீர் வரிசையோடு போவார்கள். அப்படி யாரும் போகவில்லை. ஒரு மத்தியானம் அவளே பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் ஒரு பை. முகம் வெளுத்துப்போயிருந்தது. சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவும்போது, என் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்.

"வயித்துல இருந்தது போயிடுச்சிம்மா. எட்டி ஒதச்சான்."

அவள் கழுவி வைத்த தட்டை எடுத்து நானும் ஒரு முறை கழுவினேன். அதுதான் அந்த நேரத்தில் எனக்குச் செய்யத் தெரிந்தது.

ஒரு வாரம் கழித்து அவள் மாமியார் போன் செய்தார். ஆவணி பிறந்ததும் வந்து அழைத்துக்கொண்டு போகிறோம் என்றார், ஒன்றுமே நடக்காத மாதிரி. நான் போக மாட்டேன் என்று மகள் என்னிடம் சொன்னாள். என்னிடம்தான் சொன்னாள். என் வீட்டுக்காரர் இறந்து சில வருஷம் ஆகிவிட்டது. அதனால் அவருடைய பங்காளி, எங்கள் தெருவுக்குப் பெரியவர், அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் நல்ல மனுஷர். ஆனால் கையை விரித்துவிட்டார்.

"உன் பேச்சு எடுபடாதும்மா. பொண்ணு வாயால சொல்லணும். பெரியவங்க முன்னால, அந்தப் பையன் எதிர்ல நின்னு, வர மாட்டேன்னு அவ சொல்லட்டும். அப்புறம் எவன் கூட்டிட்டுப் போறான்னு நான் பாக்குறேன். அவ பேசலைன்னா அனுப்பித்தான் ஆவணும்."

எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். கேட்கிறபோது பெண் தலையைக் குனிந்துகொண்டு நின்றால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு புறப்படச் சொல்லிவிடுவார்கள். என் மகளால் அவன் எதிரே நிற்க முடியுமா என்பதுதான் எனக்குப் பயம். ஏனென்றால் அவள் வந்த மறுநாளே ஒன்று பார்த்துவிட்டேன். பரண்மேல் இருந்த டப்பாவை எடுக்க நான் சட்டென்று கையைத் தூக்கினேன். பக்கத்தில் நின்றவள் அப்படியே தரையில் குந்திவிட்டாள். முழங்காலுக்குள் முகம், தலைக்கு மேல் இரண்டு கையும். நான் டப்பாவோடு நிற்கிறேன். அவள் மெல்ல எழுந்து, கால் தடுக்கிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தச் சமயத்தில் எங்கள் ஊர் புயல் கட்டடத்தில் கராத்தே வகுப்பு ஆரம்பித்திருந்தார்கள். புயல் வந்தால் ஜனங்களைத் தங்கவைக்கிற பெரிய கூடம் அது. மற்ற நாளில் சும்மாதான் கிடக்கும். சொல்லிக்கொடுத்தது ஒரு சின்னப் பெண். அவள் அம்மா ஆரோவில்லில் சமையல் வேலை பார்க்கிறவர், இவள் சின்ன வயசிலேயே அங்கே கற்றுக்கொண்டாளாம். எல்லோரும் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் சேர்க்கத் தெருத்தெருவாக வந்தபோது என் மகளையும் கேட்டாள். அம்மா கூட வந்தால் வருகிறேன் என்றாள் மகள்.

ஆக, சனி ஞாயிறு சாயங்காலம் நானும் போய்ச் சுவர் ஓரமாக உட்கார்ந்துகொள்வேன். வந்திருந்ததெல்லாம் ஸ்கூல் பிள்ளைகள். கல்யாணமானவள் இவள் ஒருத்திதான். அதுகளுக்கு என்னைப் பார்த்தால் விளையாட்டு. ஆயா எப்போது பெல்ட் வாங்கப் போகிறது, ஆயா பல்லைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் சண்டைக்கு வரணும் என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கும். எனக்கு வெட்கமாக இருக்கும், முந்தானையால் வாயை மூடிக்கொள்வேன். ஆனால் அதுகள் கேலி செய்யும்போது என் மகள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். அதற்காகவே, இன்னும் நாலு வார்த்தை சொல்லட்டும் என்று இருக்கும்.

காற்றில் குத்துவது, காற்றில் உதைப்பது எல்லாம் நன்றாகச் செய்தாள். ஸ்கூல் லீவு என்றால் என்னோடு உப்பளத்துக்கு வந்து கூடை சுமந்து வளர்ந்த பெண், கையில் பலம் இருந்தது. ஆனால் எதிரே ஒரு ஆள் வந்து நின்றால் போச்சு. கால் பின்னால் பின்னால் போகும். சுவர் முதுகில் இடிக்கிறவரைக்கும் போய், அப்புறம் குந்திவிடுவாள். மாஸ்டர் சத்தம் போட மாட்டாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, தண்ணீர் கொடுத்துவிட்டு வந்துவிடுவாள்.

ஆடி கடைசி ஞாயிற்றுக்கிழமை. அடுத்த ஞாயிறு அவர்கள் வருகிறார்கள் என்று தகவல் வந்துவிட்டது. அன்றைக்குத்தான் முதல் முறையாக எல்லோரும் ஜோடி ஜோடியாக நிஜமான சண்டை போட வேண்டும் என்று மாஸ்டர் சொன்னாள். கூடத்தின் நடுவில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டிருந்தது. கையில் கிளவுஸ். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. என் மகளுக்குப் பத்தாவது படிக்கிற ஒரு பெண்ணை ஜோடி சேர்த்தார்கள். அந்தப் பிள்ளை கும்பிட்டுவிட்டுக் கையைத் தூக்கியதுதான் தாமதம், இவள் கோட்டைத் தாண்டிப் பின்னால் போய்க் குந்திவிட்டாள். அந்தப் பிள்ளை பயந்துபோய், நான் அக்காவைத் தொடவேயில்லை மாஸ்டர் என்று அழ ஆரம்பித்துவிட்டது. மகள் எழுந்து கிளவுஸைக் கழற்றி வைத்தாள், பையை எடுத்துக்கொண்டாள். என்னைப் பார்த்து, போலாம்மா என்றாள்.

அவள் கிளம்பிவிட்டால் இனி இங்கே வரமாட்டாள், அடுத்த வாரம் அவர்களோடு தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படி எழுந்தேன் என்று தெரியாது. மாஸ்டரிடம் போனேன். இத்தனை வாரம் அங்கே உட்கார்ந்திருந்தும், அந்தப் பெண்ணிடம் நானாகப் போய்ப் பேசியது அதுதான் முதல் தடவை.

"நான் எதிர்ல நின்னா அவ வருவாம்மா."

மாஸ்டருக்குப் புரியவில்லை. நான் தட்டுத்தடுமாறி விளக்கினேன். உப்பு வாருவது எப்படி என்றால், நீளக் கம்பு வைத்த பலகையைப் பாத்தியில் போட்டு நம் பக்கமாக இழுத்துக்கொண்டே பின்னால் நடக்க வேண்டும். முன்னால் நடந்தால் விளைந்த உப்பை நாமே மிதித்துச் சேறாக்கிவிடுவோம். நான் வாழ்நாள் பூராவும் அப்படிப் பின்னால் நடந்தவள். என் மகள் கூடையோடு எனக்கு எதிரே நிற்பாள். நான் இழுத்துச் சேர்த்துவிட்டு ஒரு அடி பின்னால் போனால், அவள் ஒரு அடி முன்னால் வந்து அள்ளுவாள். சின்ன வயசிலிருந்து பழகிய கால். நான் பின்னால் போனால் அவள் கால் தானாக முன்னால் வரும்.

மாஸ்டரே என் கையில் கிளவுஸை மாட்டிவிட்டாள்.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டத்துக்குள் போய் நின்றேன். பிள்ளைகள் எல்லாம் விசில். ஆயா இறங்கிடுச்சு என்று ஒரே சத்தம். மகள் வேண்டாம் என்று தலையாட்டினாள். நான் பாத்தியில் இருக்கிற மாதிரி முதுகை வளைத்து ஒரு அடி பின்னால் வைத்தேன். அவள் பையைக் கீழே போட்டாள். ஒரு அடி முன்னால் வந்தாள். இன்னொரு அடி வைத்தேன். வந்தாள். கட்டம் பூராவும் அப்படியே சுற்றினோம். நிமிர்ந்துதான் வந்தாள். சுவர்ப் பக்கம் அவள் கண் போகவேயில்லை.

இப்போது கையைத் தூக்கு என்று மாஸ்டர் மெதுவாகச் சொன்னாள். மகள் வலது கையைத் தூக்கினாள்.

அடுத்து எனக்குத் தெரிந்தது, என் கண்ணுக்கு முன்னால் சிமெண்டுத் தரை. முழங்காலுக்குள் என் முகம். தலைக்கு மேல் என் இரண்டு கை, கிளவுஸோடு. குந்தியிருந்தது நான்.

அவள் அடிக்கவில்லை, கையைத்தான் தூக்கினாள். அவள் என் மகள் என்று எனக்குத் தெரியும். ஆனால் என் உடம்புக்குத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் குடித்துவிட்டு வருகிற நாளில் நான் அடுப்பு மூலையில் அப்படித்தான் உட்காருவேன். முகத்தில் அடிபட்டால் மறுநாள் உப்பளத்தில் நாலு பேர் கேட்பார்கள். முதுகில் பட்டால் யாருக்கும் தெரியாது. அதற்காக நானாகக் கண்டுபிடித்த வழி அது. யாருக்கும் அதைக் கற்றுக்கொடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. என் மகள், அப்போது சின்னக் குழந்தை, பாயில் தூங்கிக்கொண்டிருக்கும், அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கும். தூங்குகிறது என்றுதான் அத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்து பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அப்போது அவள் கால் என் பக்கத்தில் வந்து நின்றது.

"எழுந்திரும்மா," என்றாள். "அடிக்க மாட்டேன். எழுந்து நில்லு."

என்னால் முடியவில்லை. அவளே என் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். என் கையைப் பிடித்து முகத்துக்கு முன்னால் வைத்தாள், மாஸ்டர் அவளுக்கு வைத்துக் காட்டுகிற மாதிரியே. காலைக் கொஞ்சம் அகட்டி வைக்கச் சொன்னாள்.

"கண்ண மூடாத. என்னப் பாரு. கை வர்றது தெரியணும் உனக்கு."

கையைத் தூக்கினாள். என் முட்டி மடங்கப் பார்த்தது. கிளவுஸில் மெல்லத் தட்டினாள். மறுபடி தூக்கினாள், மறுபடி தட்டினாள். கொஞ்ச நேரம் அப்படியே போயிற்று. பிறகு, இப்ப நீ அடிம்மா என்றாள். நான் மாட்டேன் என்றேன். அடி என்றாள். நான் யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. கண்ணைத் திறந்துகொண்டே அவள் தோளில் குத்தினேன். என் கை அவள்மேல் வந்தபோது அவள் குந்தவில்லை. அசையக் கூட இல்லை. முகத்தை மட்டும் கொஞ்சம் திருப்பினாள், கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை.

மாஸ்டர் வந்து என்னைக் கட்டத்துக்கு வெளியே அழைத்துப் போனாள். அந்தப் பத்தாவது பிள்ளையைத் திரும்ப உள்ளே அனுப்பினாள். அதற்கு முதலில் அடிக்கவே கை வரவில்லை. மகள்தான், பயப்படாத, அடி என்று கூப்பிட்டாள். அப்புறம் அந்தப் பிள்ளை அடித்தது பாருங்கள், நிஜமான அடி. என் மகளுக்கு உதட்டில் பட்டு ரத்தம் வந்தது. அவளும் திருப்பிக் கொடுத்தாள், பாதி அடி காற்றில்தான் போயிற்று. முடிவில் அந்தப் பிள்ளை ஜெயித்தது என்று மாஸ்டர் சொன்னாள். என் மகள் கோட்டுக்கு உள்ளேயே, இரண்டு காலிலும் நின்றுகொண்டிருந்தாள். எனக்கு அது போதும்.

வீட்டுக்குத் திரும்பும்போது உப்பளத்து வரப்பு வழியாக வந்தோம். வெயில் இறங்கியிருந்தது. அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால். வீடு தெரிகிற இடத்தில் நின்று, திரும்பாமலேயே கேட்டாள்.

"அப்பா அடிக்கிறப்பல்லாம் நான் தூங்கிட்டு இருந்தேன்னு நெனச்சியாம்மா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் முன்னால் போய் வீட்டுக் கதவைத் திறந்தாள்.

அடுத்த ஞாயிறு அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அம்மா, தாய்மாமன். பூவும் பழமும் கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் பக்கம் அந்தப் பெரியவரும் இன்னும் இரண்டு பேரும். வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். நான் காப்பி கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டேன். தாய்மாமன் நன்றாகப் பேசினார். சின்னஞ்சிறுசுகள், நாலு அடி அடித்துக்கொள்ளும், ராத்திரி சேர்ந்துகொள்ளும், எந்த வீட்டில் இல்லை என்றார். வயிற்றிலிருந்து போன குழந்தையைப் பற்றி மாமியார் பேசினார். இவள் கனமான குடத்தைத் தூக்கியதால் கலைந்தது என்று சொன்னார். என் மகள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

பெரியவர் அவளைப் பார்த்து, நீ இன்னாம்மா சொல்ற, வாயத் தொறந்து சொல்லு என்றார்.

"நான் வரல," என்றாள். பிறகு மாமியாரைப் பார்த்தாள். "கொடம் தூக்கல. உங்க புள்ள ஒதச்சாரு. நீங்க பக்கத்துலதான் இருந்தீங்க."

மாப்பிள்ளை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். என்னடி சொன்ன என்று கையை ஓங்கிவிட்டார். அத்தனை பேர் உட்கார்ந்திருக்கும்போதே. பழக்கப்பட்ட கை, தானாகத் தூக்கிவிட்டது போல.

என் முட்டி மடங்கியது. கதவுச் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என் கண் அவள்மேல் இருந்தது. அவள் காலைக் கொஞ்சம் அகட்டி வைத்தாள், அவ்வளவுதான். கையைக் கூடத் தூக்கவில்லை. கண்ணை மூடாமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கை எங்கே போவது என்று தெரியாமல் மேலேயே நின்றது. பெரியவர் பேசுவார் என்று பார்த்தேன். அவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

"கைய எறக்குங்க மாப்ள," என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான்.

அவர் என் பக்கம் திரும்பினார். கை இறங்கியது. இந்தப் பொம்பளைக்குப் பேச வருமா என்று நினைத்திருப்பார். எனக்குமே அப்படித்தான் இருந்தது. அதற்கப்புறம் பெரியவர் எழுந்து, பொண்ணு சொல்லிட்டா, நீங்களும் பாத்துட்டீங்க, கெளம்புங்க என்று முடித்துவிட்டார். கொண்டுவந்த பூவையும் பழத்தையும் அவர்கள் அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

எல்லோரும் போன பிறகு அவள் தைரியமாக இருப்பாள், சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். வந்த நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் குழந்தைக்காக அன்றைக்குத்தான் அழுதாள். அதுவரைக்கும் பயத்துக்கே நேரம் சரியாக இருந்திருக்கிறது, அழுவதற்கு எங்கே இடம்? நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் தலையைத் தடவக் கையைத் தூக்கினேன். அவள் நிமிர்ந்து என் கையைப் பார்த்தாள், பிறகு தலையை என் மடியில் வைத்துக்கொண்டாள்.

இப்போது அவள் புதுச்சேரியில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். அங்கேயே தோழிகளோடு தங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் போகிறாளாம். போனில் பேசும்போது ஜாஸ்தி சொல்ல மாட்டாள். நானும் கேட்க மாட்டேன். நான் இன்னும் உப்பளத்துக்குப் போகிறேன், இன்னும் பின்னால்தான் நடக்கிறேன். கடையில் பக்கத்தில் நிற்கிற ஆள் மேல் தட்டிலிருந்து ஏதாவது எடுக்கக் கையைத் தூக்கினால், இந்த வயசிலும் என் தோள் ஒடுங்கத்தான் செய்கிறது. ஆனால் கண்ணை மூடுவதில்லை.

அடுப்பு மூலையில் குந்தியிருந்த அந்த நாட்களில், எழுந்து நில் என்று சொல்ல எனக்கு ஒருவரும் இருந்ததில்லை. கடைசியில் அதைச் சொன்னது என் வயிற்றில் பிறந்தவள் என்பதை நினைக்கும்போது, வருவது சந்தோஷமா துக்கமா என்று இன்றுவரைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.